ஐம்பத்தெட்டுத் தம்பதிகளும் ஒரு கோடும்

அத்தியாயம் 11

மானுட வர்க்கத்தின் மேலான கவனத்துக்கு ஒரு மகத்தான செய்தி. முனிவர்கள் காட்டுக்குப் போய்த் தேடியதும், ஞானிகள் கண்ணை மூடிக்கொண்டு தேடியதும், மற்றவர்கள் திருமணத் தகவல் நிலையங்களில் பதிவுக் கட்டணம் கட்டித் தேடியதுமான இல்லற இன்பத்தின் சூத்திரம், சென்ற வியாழக்கிழமை, தோசை வார்ப்பதற்குச் சற்று முன்னால், திருச்சி தென்னூரில் ஒரு மாடி வீட்டு ஹாலில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர் திரு. வளவன் அவர்கள். வயது நாற்பத்தாறு. சூத்திரம் ஒரே வரிதான். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது, அவருடைய தங்கையின் எதிர்காலம் உட்பட.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. வளவன் பம்புசெட் கம்பெனி ஒன்றின் கிளை மேலாளர். அவருக்கு வரவேண்டிய மண்டல மேலாளர் பதவி போன வருஷம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு சின்னப் பையனுக்குப் போய்விட்டது. அந்தப் பையன் கூட்டத்தில் ஒரு படம் காட்டினான். சில புள்ளிகள், ஊடே ஒரு கோடு. அந்தக் கோட்டை முதலாளி பார்த்த மாதிரி வளவனை இருபது வருஷத்தில் ஒரு தடவையும் பார்த்ததில்லை.

ஆகவே வளவனும் கோடு போடக் கற்றுக்கொள்ளப் போனார்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு மேலாண்மைக் கல்லூரி. ஞாயிறுதோறும் வகுப்பு. படிப்பின் பெயர், ‘பொருளாதாரம், நிதி, மேலாண்மைத் துறைகளுக்கான பயன்பாட்டுப் புள்ளியியலும் பொருளாதார அளவையியலும்’. சொல்லி முடிப்பதற்குள் மாம்பழச்சாலை சிக்னல் பச்சையாகிவிடும்.

அங்கே சொல்லித்தரும் முக்கியமான வித்தைக்கு ரெக்ரஷன் என்று பெயர். ஒன்று ஏறினால் இன்னொன்று எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதை, நடந்ததையெல்லாம் புள்ளியாக வைத்து, நடுவே ஒரு கோடு இழுத்துச் சொல்லிவிடலாம். உரம் போட்டால் விளைச்சல் எவ்வளவு கூடும், வட்டி ஏறினால் விற்பனை எவ்வளவு குறையும் என்றெல்லாம் கேட்டால் ஒழுங்காகப் பதில் வரும். நல்ல கருவி. அரிவாள்மணையும் நல்ல கருவிதான்.

மூன்றாவது வாரமே வளவன் மனைவி பிரேமலதாவின் இட்லிக்கும் அரிசி ஊறிய நேரத்துக்கும் கோடு போட்டார். இட்லி பழையபடியே இருந்தது. பிரேமலதாதான் கொஞ்சம் கெட்டியானாள்.

அதோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் தங்கை ரஞ்சனிக்கு ஒரு வரன் வந்தது.

ரஞ்சனிக்கு முப்பத்தேழு. புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வளவனே முன்னின்று அவளுக்கு ஒரு கல்யாணம் செய்துவைத்தார். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது பொருந்திய ஜாதகம். மாப்பிள்ளை குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். பேசவும் மாட்டான். அவளிடம் சொல்லவேண்டிய எதையும் அவன் அம்மாவிடம்தான் சொல்லுவான். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், “அவளைச் சாப்பிடச் சொல்லும்மா” என்பான். இரண்டு வருஷம் பார்த்தாள். பிறகு, “நான் கெளம்பறேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்கத்தே” என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்தும் ஆயிற்று.

இப்போதைய வரன், சுரேஷ்குமார். பச்சைமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மனைவியை இழந்தவர். ரத்தப் பரிசோதனை முகாமுக்காக ரஞ்சனி மலைக்குப் போயிருந்தாள். ஊசியைப் பார்த்துப் பிள்ளைகள் மிரண்டன. “இங்க பாருங்கடா, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்று வாத்தியார் முதல் ஆளாகக் கையை நீட்டினார். நீட்டிய கையோடு மயங்கி விழுந்தார். பிள்ளைகளுக்குப் பயம் போய் ஒரே சிரிப்பு. அதன் பிறகு வரிசை ஒழுங்காக நகர்ந்தது. மயக்கம் தெளிந்தவர் அவளிடம் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி, “நீங்க சாப்பிட்டீங்களா?”

நாலைந்து மாதம் பேசிப் பார்த்துவிட்டு அவர் முறைப்படி கேட்டுவிட்டார். “உங்க அண்ணன்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும். ஞாயித்துக்கெழமை கீழ எறங்கறேன். ஆறு மணிக்குத் துறையூர்ல மலைக்குக் கடைசி பஸ். அதுல ஏறறதுக்குள்ள அவருக்குப் போன் பண்றேன். மேல போயிட்டா டவர் கெடைக்காது. அப்புறம் பரீட்சையெல்லாம் முடிச்சுட்டுத்தான் எறங்குவேன்.”

அந்த ஞாயிறு இன்றைக்குத்தான். பஸ் கிளம்புவதற்குள் அண்ணன் வாயால் ஒரு பதில் வேண்டும்.

அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆறு” என்றார்.

ரஞ்சனி சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். “என்னண்ணே ஆறு?”

“உனக்கும் அந்த வாத்தியாருக்கும் கல்யாணமானா மகிழ்ச்சி எவ்வளவு வரும்னு பாத்தேன். பத்துக்கு ஆறு. எண்பத்தஞ்சு கிலோமீட்டர் தூரத்துக்கு அவ்வளவுதான் வருது.”

“தூரம் கொறைஞ்சா?”

“பத்து கிலோமீட்டர் கிட்ட வந்தா அரை மார்க்குக்குக் கொஞ்சம் கம்மியா ஏறும்.”

“அப்ப மலையைக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளிவைக்கச் சொல்றேன்.”

பிரேமலதா உள்ளேயிருந்து வந்தாள். மின்வாரியத்தில் உதவியாளர். வாரம் முழுக்க மின்கட்டணம் கூடுதலாக வந்துவிட்டது என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, எதற்கும் குரலை உயர்த்தாதவள். “பத்துக்கு ஆறுன்னா நூத்துக்கு அறுபது. ஃபர்ஸ்ட் கிளாஸுங்க” என்றாள்.

“இது பரீட்சை இல்ல, பிரேமா. மாடல்.”

மாடல் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் தங்கையன் சித்தப்பாவின் மகனுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து எல்லாரும் மணமக்களை வாழ்த்திக்கொண்டிருந்தபோது, வளவன் கையில் பேனாவும் அட்டையுமாக ஜோடி ஜோடியாகத் தேடிப் போனார். “உங்க இல்லற மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீங்க? பொண்ணோட பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர்?” மொய் எழுதுகிறவர் என்று நினைத்து ஒரு பெரியவர் ஐந்நூறு ரூபாயை நீட்டினார். மொத்தம் ஐம்பத்தெட்டுத் தம்பதிகள் பதில் சொன்னார்கள். வளவன் வீட்டுக்கு வந்து புள்ளிகளை அடுக்க ஆரம்பித்து, சென்ற வியாழக்கிழமை கோட்டை இழுத்தார். தூரம் கூடக் கூட மகிழ்ச்சி சறுக்குமரத்தில் இறங்குவதுபோல இறங்கியது. அவருக்கே புல்லரித்துவிட்டது.

“சரிண்ணே, சாயங்காலம் அவரு போன் பண்ணா என்ன சொல்லுவ?” ரஞ்சனி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

“டேட்டா என்ன சொல்லுதோ அதைத்தான் சொல்லுவேன். போன தடவை ஜாதகத்தை நம்பி ஏமாந்தோம். இந்தத் தடவை விஞ்ஞானம். உன் நல்லதுக்குத்தாம்மா.”

“வேண்டாம்னு சொல்லுவ.”

“வேண்டாம்னு நான் சொல்லல. ஆறுன்னு சொல்லுது.”

ரஞ்சனி தட்டை எடுத்துவந்தாள். அண்ணனுக்கு இட்லி வைத்தாள்.

பேச்சை மாற்றுவதற்காக வளவன் கேட்டார்: “இன்னிக்கு உனக்கு டூட்டி இல்லையா?”

“இன்னிக்கு முகூர்த்தம் இல்லையே.”

முகூர்த்தத்துக்கும் ஆஸ்பத்திரி டூட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று வளவன் யோசிக்கவில்லை. லேப்டாப் சார்ஜரைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார். பிரேமலதா மட்டும் தலையைத் திருப்பி நாத்தனாரை ஒரு தரம் பார்த்தாள்.

வகுப்பில் அன்றைக்குப் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாள். முதலில் ஒருவர் தங்க விலைக்கும் டாலருக்கும் கோடு போட்டுக் காட்டினார். அடுத்தவர் காந்தி மார்க்கெட் வெங்காய விலைக்கும் மழைக்கும். எல்லாம் நாலாவது படம் வருவதற்குள் ஒரு கொட்டாவி விட்டுவிடக்கூடிய சமாச்சாரங்கள்.

வளவன் எழுந்தார். திரையில் தலைப்பு விழுந்தது: ‘இல்லற மகிழ்ச்சியின் புவியியல் நிர்ணயம்: ஓர் அளவையியல் அணுகுமுறை’. வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்த படத்தில் புள்ளிகள். அதற்கடுத்ததில் கோடு. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு, மலைக்கோட்டைப் படியிறங்குகிறவர் மாதிரி நிதானமாக இறங்கியது.

“இது தற்செயலா வந்திருக்க ஆயிரத்துல ஒரு வாய்ப்புகூட இல்லீங்க” என்றார் வளவன். “நம்ம முன்னோர்கள் பக்கத்து ஊர்லயே சம்பந்தம் பண்ணது ஏன்னு இப்பத்தான் விஞ்ஞானபூர்வமா நிரூபணம் ஆகுது. இதை நான் கொள்கையாவே பரிந்துரை செய்றேன். என் சொந்தக் குடும்பத்துல இன்னிக்குச் சாயங்காலமே அமல்படுத்தப் போறேன்.”

பேராசிரியை அல்ஷிஃபா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பதை இப்போதுதான் தாண்டியவள். ஆயிரத்தில் ஒன்று என்ற அந்த வாக்கியத்தைத் திருத்த வாயெடுத்து, முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

கைதட்டல் எழுந்தது. நியாயமாக அந்த இடத்தில் கரண்ட் போயிருக்க வேண்டும். போகவில்லை.

“சார், ஒரு சின்ன டவுட்.” இரண்டாவது வரிசையில் ஜெஸ்வின். வங்கியில் கடன் பிரிவில் வேலை. எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பான். கடனே அப்படித்தான் வசூல் பண்ணுவானாம். “சாப்பாட்டுக்கு முன்னாடி கேட்டீங்களா, பின்னாடி கேட்டீங்களா?”

“எதை?”

“மகிழ்ச்சியைத்தான் சார். கல்யாண வீடு இல்லையா.”

வளவன் நினைவுகூர்ந்தார். உறையூர், தென்னூர்க்காரர்கள் முதல் பந்தியிலேயே இடம்பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையும் வாயுமாக விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே ஒன்பது, ஒன்பதரை என்றார்கள். பெரம்பலூர்ப் பக்கத்து மாமா, அரியலூர் அக்கா, கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவர்கள் எல்லாம் விடியுமுன் பஸ் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, மண்டபத்துக்குள் நுழைந்தபோது இரண்டாவது பந்தியில் இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பந்திக்குக் கதவோரம் நின்றவர்களிடம்தான் வளவன் பேனாவை நீட்டியிருந்தார். அரியலூர் அத்தான், “அட எதையாவது போட்டுக்கப்பா, ஆறு போடு” என்று கதவிடுக்கு வழியாகப் பாயசத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

“சிலர் முன்னாடி” என்றார் வளவன். “சிலர் பின்னாடி.”

“தூரத்துக்காரங்க?”

“முன்னாடி.”

“அப்ப சார், நீங்க அளந்தது மகிழ்ச்சி இல்ல. பசி.”

வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் சிரித்ததில் நாற்காலி சத்தம் போட்டது. வளவனும் சிரித்தார், மேலாளர்கள் சிரிக்கும் விதத்தில். “நல்ல பாயின்ட். பசியையும் ஒரு காரணியா உள்ள சேர்த்துட்டா சரியாயிடும். பந்தி ஒண்ணு, பந்தி ரெண்டு, பந்தி மூணு.”

“சேத்துக்கலாம் சார்” என்றாள் அல்ஷிஃபா. குரலில் கேலி இல்லை. “வந்தவங்களுக்கு அது போதும். வராதவங்களை என்ன பண்ணுவீங்க?”

“யாரு வரல? எங்க குடும்பத்துல கல்யாணம்னா ஒருத்தர் விடாம வருவாங்க மேடம்.”

“நீங்க ஜோடியா வந்தவங்களைத்தானே கேட்டீங்க?”

“ஆமா. தம்பதிகள்கிட்டதானே கேக்கணும்?”

“பிரிஞ்சு போனவங்க எப்படி சார் ஜோடியா வருவாங்க?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“ஒத்துப் போனவங்களை மட்டும் கூட்டிவச்சு ஒத்துப் போறீங்களான்னு கேட்டிருக்கீங்க” என்றாள் அவள். “அதுல இருந்து ஒத்துப் போகாததுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. அவங்க உங்க டேட்டாவுலயே இல்லையே.”

“எங்க குடும்பத்துல அப்படி யாரும்...” என்று ஆரம்பித்தார் வளவன். ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது.

தங்கையன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு ரஞ்சனி வரவில்லை. டூட்டி. அதற்கு முன் காதுகுத்துக்கு வரவில்லை. டூட்டி. கீழத்தெரு வளைகாப்பு, மண்ணச்சநல்லூர் நிச்சயதார்த்தம், எல்லாவற்றுக்கும் டூட்டி. லேபில் யாருக்கு முகூர்த்த நாளில் லீவு வேண்டுமென்றாலும் ரஞ்சனியிடம்தான் போய் நிற்பார்கள். அவள் மறுக்கவே மாட்டாள். வளவன் இதைச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். “தங்கச்சிக்கு லீவே கெடைக்காது மாமா. ரொம்பப் பொறுப்பான போஸ்ட்டு.” மாமாக்களும் அதற்கு மேல் கேட்டதில்லை. பத்திரிகையில் ‘தம்பதி சமேதராக’ என்று அச்சடித்து அனுப்புகிறவர்கள் வேறென்ன கேட்பார்கள்?

இன்னிக்கு முகூர்த்தம் இல்லையே.

காலையில் காதில் விழுந்த வாக்கியம் இப்போதுதான் உள்ளே இறங்கியது.

“கோடு சரியாத்தான் போட்டிருக்கீங்க சார்” என்றாள் அல்ஷிஃபா ஆறுதலாக. “புள்ளிங்கதான் போதல. அடுத்தது யாரு?”

அடுத்தவர் பேருந்துக் கட்டணத்தைப் பற்றி ஆரம்பித்தார். எல்லாரும் கொட்டாவிக்குத் திரும்பினார்கள்.

சபையில் குட்டு வாங்கிய மனிதர் கொஞ்ச காலம் மௌனமாக இருப்பது உலக வழக்கம். வளவன் மாம்பழச்சாலை வரைக்கும் இருந்தார்.

பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றி நின்றபடி, காவிரியைப் பார்த்துக்கொண்டே அவர் மனம் திருந்தினார். முழுக்கத் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. திருந்துவதையும் எப்படி எடுப்பாகச் செய்யலாம் என்று யோசித்தார். ரஞ்சனியை டேட்டாவில் சேர்த்துவிடுவது. ஐம்பத்தொன்பதாவது புள்ளியாக. அவள் எதிரிலேயே சேர்ப்பது. கோடு கவிழ்ந்தால் கவிழட்டும். கவிழ்ந்த கோட்டை அவளுக்குக் காட்டி, ‘உனக்காக என் மாடலையே தூக்கிப் போடறேம்மா’ என்று சொல்லி, வாத்தியாருக்குச் சம்மதம் தெரிவிப்பது. அந்த இடத்தில் குரல் லேசாகக் கம்மவும் செய்யலாம்.

பின்னால் ஒரு டவுன்பஸ் ஹாரன் அடித்தது.

வீட்டுக்கு வந்தபோது ரஞ்சனி மாடியில் காய்ந்த துணிகளைக் கொண்டுவந்து கட்டில்மேல் மடித்துக்கொண்டிருந்தாள். பிரேமலதா அடுப்பில் பால் வைத்திருந்தாள். வளவன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தார்.

“ரஞ்சனி, உன்னைச் சேர்த்துக்கப் போறேன்.”

“எதுல?”

“டேட்டாவுல. தப்புப் பண்ணிட்டேம்மா. வந்தவங்களை மட்டும் எண்ணிட்டேன். உன்னை விட்டுட்டேன்.”

அவள் ஒரு புடவையை மடித்து முடித்தாள். “பரவால்லண்ணே. பழக்கந்தான்.”

“அப்படிச் சொல்லாத. சொல்லு, உன் கல்யாணத்துக்கு எவ்வளவு போடுவ? பத்துக்கு.”

விடை அவருக்குத் தெரியும். சுண்டுவிரல் ஏற்கெனவே பூஜ்யத்தின் மேல் இருந்தது.

“எட்டு” என்றாள் ரஞ்சனி.

“என்னது?”

“எட்டுண்ணே.”

“வெளையாடாத.”

“வெளையாடலை. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷத்துல ஏதாவது கல்யாண வீட்டுல, இதே மாதிரி நீ பேனாவோட வந்து கேட்டிருந்தேன்னு வச்சுக்க. அவரு இந்தப் பக்கம் நிக்கிறாரு. அவங்கம்மா அந்தப் பக்கம். எதிர்ல நீ. ஜாதகம் பாத்துப் பாத்துப் பண்ணிவச்சவன், ஆசையா மொகத்தைப் பாக்கற. எட்டுக்குக் கொறைச்சு எப்படிண்ணே சொல்றது?”

வளவன் விரலைப் பூஜ்யத்திலிருந்து எடுத்தார். எட்டின் மேலும் வைக்கவில்லை.

“நெஜமா எவ்வளவு?”

“அதை நீ அப்ப கேக்கலை.”

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. பிரேமலதா இறக்கிவைத்தாள்.

“தூரத்தையும் போட்டுக்க” என்றாள் ரஞ்சனி, அடுத்த துணியை எடுத்து உதறியபடி. “தென்னூர்ல இருந்து புத்தூர்ல அவங்க வீட்டுக்கு எவ்வளவு?”

“ரெண்டு... ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்.”

“உன் கோட்டுல ரெண்டு கிலோமீட்டருக்கு என்ன வருது?”

அவர் போட்டுப் பார்த்தார். போட்டுப் பார்த்திருக்க வேண்டாம். “ஒன்பது புள்ளி மூணு.”

“ஜாதகத்துலயும் ஒன்பதுதான் வந்துச்சு” என்றாள் அவள். “விஞ்ஞானத்துல புள்ளி மூணு சேத்து வந்திருக்கு. அவ்வளவுதாண்ணே வித்தியாசம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் வளவனின் பனியனை மடித்துக்கொண்டிருந்தாள்.

பாரத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும்போல இருந்தது வளவனுக்கு. காபி கொண்டுவந்த மனைவியைப் பார்த்தார். மண்டபத்தில் அவளும் ஐம்பத்தெட்டில் ஒருத்தி. “பிரேமா, நீகூட அன்னிக்கு ஒன்பது சொன்னியே...”

“நான் முதல் பந்திங்க” என்றாள் பிரேமலதா. டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வளவன் லேப்டாப்பை மூடினார். கொஞ்ச நேரம் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் முகம் தெரிந்தது, தெளிவில்லாமல்.

பிறகு எழுந்தார். தொண்டையைச் செருமினார். வீழ்ந்தாலும் எழுந்து நிற்பதில் மேலாளர்களுக்கு இணை இல்லை.

“சரி. முடிவு பண்ணிட்டேன். வாத்தியார் போன் பண்ணட்டும். எந்தக் கணக்கும் இல்ல, ஜாதகமும் இல்ல, கோடும் இல்ல. ஒரு அண்ணனா, மனசார, நான் சம்மதம் சொல்லப் போறேன். ‘மாப்ள, என் தங்கச்சியை...’”

“காபி ஆறிடும்ங்க” என்றாள் பிரேமலதா உள்ளிருந்து.

அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். சார்ஜ் பார்த்தார். டவர் பார்த்தார். ரிங்கின் சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்தார். கீழே தில்லைநகர்ப் பக்கம் போகும் ஆட்டோக்களைப் பார்த்தபடி வாக்கியத்தை ஒத்திகை பார்த்தார். ‘மாப்ள’ என்பதா, ‘தம்பி’ என்பதா? சம்மதம் இன்னும் சொல்லாத நிலையில் ‘மாப்ள’ கொஞ்சம் அவசரம். ‘சார்’ என்றால் பம்புசெட் விற்பது போலிருக்கும். ‘தம்பி’ என்று தொடங்கி ‘மாப்ள’ என்று முடிப்பதுதான் நயம். அந்த ஒரு தாவலில் எல்லாமே சொன்னதாகிவிடும்.

போன் அடித்தது.

அவருடையது இல்லை. ஹாலில், ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

ரஞ்சனி மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் எடுத்தாள்.

“எனக்குத்தானே பண்றேன்னாரு?” என்றார் வளவன், பால்கனி வாசலில் நின்றபடி.

“மத்தியானம் மெசேஜ் போட்டேண்ணே. எனக்கே பண்ணுங்கன்னு.”

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிப் படியேறினாள். “ம், சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?” என்பது வரைக்கும் கேட்டது. அப்புறம் படி திரும்பிவிட்டது.

பிரேமலதா மிக்ஸியில் எதையோ அரைக்கப் போனவள், அரைக்காமல் நின்றாள். வளவன் கையில் போனோடு ஹாலின் நடுவில் நின்றார். மாடியில் செருப்புச் சத்தம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போயிற்று, திரும்பியது, மறுபடி போயிற்று. நடுவில் ஒரு தடவை நின்றது. அவள் சிரித்தாளா, இருமினாளா என்று கீழே இருந்து சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டுக் குக்கர் அந்த நேரம் பார்த்து விசில் அடித்தது.

துறையூரில் கடைசி பஸ் கிளம்பும் நேரம் வந்தது, போயிற்று.

ரஞ்சனி இறங்கி வந்தாள். மாடிக் கதவைச் சாத்திவிட்டாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து துணி மடிக்க ஆரம்பித்தாள்.

“என்னம்மா சொன்னாரு?”

“பஸ்ல ஏறிட்டாராம். ஜன்னலோரம் சீட் கெடைச்சுதாம்.”

“நீ என்ன சொன்ன?”

ரஞ்சனி தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி மிக்ஸி மூடியைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். இரண்டு பேர் உதட்டிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

வளவன் இன்னொரு தடவை கேட்டார். மிக்ஸிச் சத்தத்தில் காதில் விழவில்லை போலும்.

அவர் உட்கார்ந்து ஆறிப்போன காபியைக் குடித்தார். சர்க்கரை போட்டிருக்கவில்லை.

ரஞ்சனி பதில் சொல்லிவிட்டாள். அது என்ன பதில் என்று, ரஞ்சனியே சொல்லி, பிரேமலதாவுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். வளவனுக்கு இன்னும் தெரியாது.